தியரியும் ஃபீல்டும் ஒரே செமஸ்டர்ல: சமூகவியல் எம்.ஏ. டிசர்டேஷன் பண்றவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து சமூகவியல் எம்.ஏ. படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். சேலத்துல பெரியார் பல்கலைக்கழகத்துல நேரா உட்கார்ந்து படிச்சாலும் சரி, இக்னோ மாதிரி தொலைதூரத்துல படிச்சாலும் சரி, சிக்கல் ஒண்ணுதான். தியரி ஒரு பேப்பர், ரிசர்ச் மெத்தட்ஸ் இன்னொரு பேப்பர். அதுக்கு துர்கைம், வெபர், மார்க்ஸ்னு பெரிய சமூகவியல் அறிஞர்கள் மனப்பாடம், இதுக்கு யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு தேர்ந்தெடுக்குற சாம்பிளிங் வகைகள் மனப்பாடம். கடைசில டிசர்டேஷன்னு, அதாவது ஆய்வேடுன்னு வந்து நிக்கும்போது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கவே மாட்டேங்குது.

ஜூனியர்ஸோட டிசர்டேஷன் கொஞ்சம் வருஷமா பார்த்துக் குடுத்துட்டு வர்றேன். எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒரே இடம்தான், தியரிய முழுசா முடிச்சிட்டு ஃபீல்டுக்குப் போகலாம்னு ஒரு கூட்டம், ஃபீல்ட முடிச்சிட்டு அதுக்கு ஏத்த தியரிய தேடிக்கலாம்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேருமே மார்ச் மாசத்துல வந்து அழறாங்க. ரெண்டும் ஒரே வாரத்துல நடக்கணும். அத எந்த வரிசைல செய்யறதுன்னுதான் கீழ சொல்றேன்.

உதாரணத்துக்கு கடைசி வரைக்கும் ஒரே விஷயத்த எடுத்துக்கலாம். பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்து ஊர்ல இருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறவங்க. நான் எம்.ஏ.ல செஞ்சதும் இதுதான். உங்க தலைப்பு வேறயா இருந்தா அங்கங்க மாத்திக்கோங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

ரெண்டு நோட்டு. ஒண்ணு ஃபீல்டு நோட்டு, இன்னொண்ணு படிக்கிற நோட்டு. ஒரே நோட்டுல எழுதினா நீங்க பார்த்தது எது, படிச்சது எதுன்னு மூணு மாசம் கழிச்சு உங்களுக்கே தெரியாது.

டிபார்ட்மென்ட்ல இருந்து ஒரு லெட்டர், சீல் வெச்சு. இத சும்மா ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ப்பக்கம் பையும் நோட்டுமா ஒரு ஆளு தெருவுல நுழைஞ்சா முதல்ல வர்ற சந்தேகம் குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்காங்கன்னுதான். இல்லன்னா மகளிர் உரிமைத் தொகைக்கு கணக்கெடுக்க வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க. 2023ல அந்த 1,000 ரூபா திட்டம் வந்ததுல இருந்து யாராவது வீட்டு வருமானம் கேட்டா சட்டுனு கம்மியா சொல்றது சகஜம். நீங்க யாருன்னு முதல் நிமிஷத்துல புரியலன்னா அதுக்கப்புறம் எழுதுற எந்த நம்பரும் உதவாது.

அப்புறம் ஒரு ஊரு. ஒரே பஸ்ல போய்ட்டு சாயங்காலம் திரும்புற தூரத்துல இருக்கணும், ஏன்னா நீங்க ஒரு தடவை இல்ல பத்து தடவை போகணும். சொந்த ஊரு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சொந்த ஊர்ல உங்களுக்குப் பேரு இருக்கு, குடும்பம் இருக்கு, ஜாதி இருக்கு, சில தெருவுல உங்களால சகஜமா போய் உட்கார முடியாது, சில வீட்ல உங்கள பார்த்ததும் பேச்சு மாறும். பக்கத்து ஊரு நல்லது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போறீங்கன்னா வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்க நிறைய, அந்த மொழி தெரிஞ்ச ஒரு தோழிய கூட்டிட்டுப் போங்க.

2. தலைப்பு வைக்காதீங்க, ஒரு புதிர எழுதுங்க

எல்லாரும் முதல்ல கைட்கிட்ட ஒரு தலைப்போட போவாங்க. 'தருமபுரி மாவட்டத்தில் புலம்பெயர் தொழிலாளர்களின் சமூக பொருளாதார நிலை: ஒரு ஆய்வு'. இந்தத் தலைப்புல கேள்வியே இல்ல. கேள்வி இல்லாத இடத்துல எந்த தியரியும் ஒட்டாது, அதனாலதான் ரெண்டாவது அத்தியாயத்துல எல்லா தியரியும் வந்து நிக்கும்.

ஒரு வாரம் சும்மா போய் உட்காருங்க. டீக்கடை, ரேஷன் கடை வரிசை, 100 நாள் வேலை நடக்குற இடம், பெங்களூர் பஸ் நிக்கிற ஸ்டாப். பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ ஆடி 18க்கோ போனா ரொம்ப நல்லது, வெளியூர் போனவங்க எல்லாம் ஊருக்கு வந்திருப்பாங்க. கேள்வி எதுவும் கேக்க வேண்டாம், இது ஏன் இப்படி இருக்குன்னு உங்களுக்கு உறுத்துற ஒரு விஷயத்த மட்டும் எழுதிட்டு வாங்க.

எனக்கு உறுத்தினது இதுதான். ஒரே தெரு, ஒரே வயசு, ஒரே படிப்பு, கிட்டத்தட்ட ஒரே அளவு நிலம். ஒரு வீட்டுப் பையன் பத்து வருஷமா அதே மேஸ்திரிகிட்ட கலவை சுமக்கறான், எதிர்வீட்டுப் பையன் ரெண்டே வருஷத்துல டைல்ஸ் வேலை கத்துக்கிட்டு வேற கான்ட்ராக்டர்கிட்ட போய்ட்டான். ஏன்?

புதிர்னா ரெண்டு பக்கமும் ஆளு இருக்கணும், மாறினவன், மாறாதவன். ஒரு பக்கம் மட்டும் இருந்தா அது வெறும் வர்ணனைதான்.

3. ஒரே ஒரு வாதத்த எடுத்து அஞ்சு வரில எழுதுங்க

இப்பதான் புத்தகம். தியரி பேரு எடுக்காதீங்க, வாதத்த எடுங்க. 'ஃபங்ஷனலிசம் பயன்படுத்தினேன்'னு எழுதுறதுல ஒண்ணும் இல்ல, ஃபங்ஷனலிசம்னா சமூகத்துல ஒவ்வொரு அங்கமும் மொத்தத்துக்கு என்ன வேலை செய்யுதுன்னு பார்க்குற தியரி, அது ஒரு குடோன், அதுல இருந்து நீங்க எந்த மூட்டைய தூக்கிட்டு வந்தீங்கன்னு சொல்லணும்.

என் புதிருக்கு நான் எடுத்தது அமெரிக்க சமூகவியல்காரர் மார்க் கிரானோவெட்டர் 1973ல எழுதின கட்டுரை, நெருக்கமில்லாத உறவோட பலத்தப் பத்தினது. கட்டுரைதான், புத்தகம் கூட இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமைல படிச்சிரலாம். படிச்சிட்டு படிக்கிற நோட்டுல இந்த அஞ்சு வரிய நிரப்புங்க: என்ன சொல்றாரு, யாரப் பத்தி சொல்றாரு, எந்த வழியா அது நடக்குதுன்னு சொல்றாரு, அது உண்மைன்னா என் ஊர்ல நான் எதப் பார்க்கணும், எதப் பார்த்தா அது பொய்னு ஒத்துக்கணும்.

நான் எழுதினது இது. நெருங்கின சொந்தக்காரங்க, கூட்டாளிங்க எல்லாம் நமக்குத் தெரிஞ்ச அதே செய்திதான் வெச்சிருப்பாங்க, எப்பவாவது பார்க்குற தெரிஞ்சவங்கதான் வேற வட்டத்து செய்திய கொண்டு வருவாங்க, அதனால புது வேலை அவங்க மூலமாத்தான் கிடைக்கும். அவர் பேசினது பாஸ்டன் பக்கத்துல ஒரு ஊர்ல வேலை மாறின படிச்ச உத்தியோகஸ்தங்களப் பத்தி. தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அந்த ஆளை அடிக்கடி பார்ப்பேன்னு சொன்னவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவதுன்னு சொன்னவங்க 55.6, ரொம்ப அரிதான்னு சொன்னவங்க 27.8. என் ஊர்ல இது உண்மைன்னா, டைல்ஸ் வேலைக்கு மாறினவனுக்கு அந்த வேலைய சொன்னது மாமனோ பங்காளியோ இருக்கக் கூடாது, அரைகுறையா தெரிஞ்ச ஒருத்தரா இருக்கணும்.

ரெண்டாவது வரிய, அதாவது யாரப் பத்தி சொல்றாருங்கறத, பசங்க எல்லாரும் விட்டுருவாங்க. அங்கதான் உங்க ஆராய்ச்சிக்கு இடமே இருக்கு. ஆபீஸ் வேலைக்காரங்கள வெச்சு சொன்னது அட்வான்ஸ் வாங்கிட்டுப் போற கூலிக்காரங்களுக்கும் பொருந்துமா? டிசர்டேஷனோட முக்கியத்துவம்னு தனியா ஒரு பக்கம் யோசிச்சு எழுத வேண்டியதில்ல, அது இந்த ஒரு வரிலயே இருக்கு.

4. எதிர்வாதம் ஒண்ணு கட்டாயம்

ஒரே வாதத்தோட ஃபீல்டுக்குப் போனா பார்க்குறது எல்லாம் அதுக்கு சாட்சியாத்தான் தெரியும். கண்ணு அப்படித்தான் வேலை செய்யும். அதனால அதே புதிருக்கு வேற காரணம் சொல்ற ஒருத்தரையும் கூடவே எடுத்துக்கணும்.

நான் எடுத்தது நெதர்லாந்து சமூகவியல்காரர் யான் பிரெமன். குஜராத்துல நிலையில்லாத கூலி வேலைக்கு அலையறவங்கள ரொம்ப வருஷம் பக்கத்துல இருந்து பார்த்தவர். அவர் வாதத்த நம்ம ஊர் வார்த்தைல சொன்னா, ஆளப் புடிச்சு வைக்கிறது செய்தி இல்ல, முன்பணம். அட்வான்ஸ் கழியற வரைக்கும் வேற வேலை தெரிஞ்சாலும் போக முடியாது. நம்ம பக்கம் செங்கல் சூளைக்குப் போற குடும்பங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்ல.

இப்ப ரெண்டு வாதமும் ரெண்டு வேற வேற விஷயத்த எதிர்பார்க்குது. முதல் வாதம் சரின்னா, மாறாம இருக்குறவனுக்கு வேற வேலை இருக்குறதே தெரிஞ்சிருக்காது. ரெண்டாவது சரின்னா, நல்லாத் தெரியும், ஆனா கணக்கு தீரல. இப்படி ஒரு வாக்கியம் கிடைக்கிற வரைக்கும் ஃபீல்டுக்குக் கேள்வித்தாள் எடுத்துட்டுப் போகாதீங்க. என்ன கேக்கணும்னு இந்த வாக்கியம்தான் சொல்லும்.

5. வார்த்தைய அளக்குற பொருளா மாத்துறது

எல்லாரும் அவசரமா தாண்டுற இடம் இது, தாண்டினா அப்புறம் மொத்தமும் வீண்.

'நெருக்கமான உறவு'ன்னு புத்தகத்துல இருக்கு. ஊர்ல போய் 'அவரு உங்களுக்கு நெருக்கமாங்கண்ணா'ன்னு கேட்டா, 'நம்ம ஆளுதாம்மா'ன்னு வரும். எல்லாரும் நம்ம ஆளுதான். அதுல ஒண்ணும் அளக்க முடியாது. கிரானோவெட்டர் எவ்வளவு அடிக்கடி பார்க்குறீங்கன்னு கேட்டாரு, அவங்க ஊருக்கு அது சரி. நம்ம ஊர்ல தினமும் டீக்கடைல பார்த்துக்கிட்டே பத்து வருஷமா பேசாத பங்காளி இருக்காங்க.

நான் ஒரு மாசம் இதுலயே மாட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு கல்யாண வீட்ல மொய் எழுதுற டேபிள் பக்கத்துல உட்கார்ந்திருந்தப்பதான் தோணுச்சு, இந்த ஊரே தன் உறவ ஏற்கனவே நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கு. ஊரு, பேரு, தொகை. யாருக்கு யார் எழுதினாங்க, திருப்பி எழுதினாங்களா, எவ்வளவு கூடச் சேர்த்து எழுதினாங்க, எல்லாம் அதுல இருக்கு. நெருக்கத்த நான் கற்பனை பண்ணி அளவு வைக்க வேண்டியதே இல்ல. ரெண்டு பக்கமும் மொய் எழுதியிருந்தா நெருக்கம். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தா நடுவுல. மொய்யே இல்ல, ஆனா ஃபோன் நம்பர் இருக்குன்னா அரைகுறைப் பழக்கம். தாய்மாமன் சீர மட்டும் தனியா வெச்சுக்கணும், அது மொய்க் கணக்குல சேராது.

நோட்ட வாங்கிப் பார்க்காதீங்க, அது அவங்க வீட்டு மானம். 'வேலை சொன்னாரே அவரு, உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தாரா, நீங்க அவரு வீட்டுக்குப் போனீங்களா, எழுதினீங்களா'ன்னு வாய்ல கேட்டாலே போதும். தொகை கேக்க வேண்டாம், எழுதினாங்களா இல்லையாங்கறது மட்டும்.

நீங்க எந்தத் தலைப்பு எடுத்தாலும் இப்படி ஒண்ண தேடுங்க. புத்தகத்து வார்த்தைக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே ஒரு அளவுகோல் இருக்கும். பட்டுக்கூடு அங்காடியா இருக்கலாம், வாரச் சந்தையா இருக்கலாம், கோயில் வரி லிஸ்ட்டா இருக்கலாம். வரி யாருக்குப் போட்டாங்க, யாருக்குப் போடலங்கறதுலயே ஊருக்குள்ள யாரு, வெளில யாருங்கறது தெரிஞ்சிரும்.

6. ஏற்கனவே இருக்குற எண்ணிக்கைய இப்ப பாருங்க

பெரும்பாலும் முதல் அத்தியாயத்துல மாவட்ட விவரம்னு 2011 சென்சஸ எடுத்துப் போட்டுருவாங்க, தருமபுரி மக்கள்தொகை 15,06,843, எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்துலயே கடைசின்னு. சரி, அதுக்கும் உங்க கேள்விக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லன்னா வேண்டாம்.

சம்பந்தம் இருந்தா அந்த எண்ணிக்கை எப்படி வந்ததுன்னு முதல்ல கேளுங்க. 2011 சென்சஸ் ஆள் எண்ணினது பிப்ரவரி 9ல இருந்து 28 வரைக்கும். அந்த மூணு வாரமும் பெங்களூர்ல சைட் ஷெட்ல இருந்த குடும்பம் நம்ம ஊர்க் கணக்குல வராது. வெளியூர் வேலையப் பத்தி எழுதுறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இன்னொரு பொறி. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004ல. 2001 சென்சஸ்ல தருமபுரின்னு இருக்குறது ரெண்டும் சேர்ந்தது, 28 லட்சத்துக்கு மேல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 'பத்து வருஷத்துல மக்கள்தொகை பாதியா குறைஞ்சது, காரணம் புலம்பெயர்வு'ன்னு ஒரு தம்பி எழுதி பைண்டிங் வரைக்கும் போய்ட்டான். தாலுகா அளவுல எடுத்து ஒப்பிட்டா இந்தப் பிரச்சனை வராது.

துர்கைமும் இங்கதான் உதவுவாரு. 1897ல தற்கொலையப் பத்தின புத்தகத்துல அவர் நம்பினது அரசாங்கக் கணக்க. பின்னாடி வந்தவங்க கேட்டாங்க, ஒரு சாவ தற்கொலைன்னு எழுதறது யாரு, காரணம்னு எழுதறது யாருன்னு. நம்ம ஊர்ப் பேப்பர்ல 'வயிற்று வலி காரணமாக'ன்னு எத்தனை செய்தி படிச்சிருப்போம். அந்த வயித்து வலிக்குப் பின்னாடி ஒரு வீடு, ஒரு ஸ்டேஷன், கேஸ் வேண்டாம்னு ஒரு பேச்சு இருக்கலாம். இத யோசிச்சுட்டு திரும்ப துர்கைம படிச்சா அவர் வாதமும் நல்லாப் புரியும், அவர் டேட்டாவோட எல்லையும் புரியும். தியரி பேப்பருக்கு நீங்க தனியா படிக்க வேண்டியதே இல்ல.

7. யாரப் பார்க்குறதுன்னு முடிவு பண்றது

ஒருத்தர் இன்னொருத்தர காட்டுவாரு, அவரு அடுத்தவர காட்டுவாருன்னு போற ஸ்னோபால் முறை நம்ம பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், சுலபம்ல. ஆனா உங்க கேள்வியே உறவப் பத்தினதுன்னா இது விஷம். நெருக்கமானவங்கதான் நெருக்கமானவங்கள காட்டுவாங்க, கடைசில நெருங்கின உறவுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு வரும். அது ஊர்ல இருக்குறது இல்ல, நீங்க நடந்த பாதைல இருந்து வந்தது. தியரிய படிக்காம மெத்தட எடுத்தா இப்படித்தான் ஆகும்.

வாக்காளர் பட்டியல எடுங்க, பூத் வாரியா இணையத்துலயே கிடைக்கும். வெளியூர் போனவங்களும் ஓட்ட பெரும்பாலும் ஊர்லயே வெச்சிருப்பாங்க, அதனால இது நல்ல லிஸ்ட். அதுல இத்தனாவது வீடுன்னு கணக்கு வெச்சுப் போங்க. வீடு பூட்டியிருந்தா அத விட்டுட்டு பக்கத்து வீட்டுக்குப் போகாதீங்க, பூட்டுன வீடுதானே உங்க தலைப்பே. பண்டிகைக்கு வரும்போது திரும்பப் போங்க.

எத்தனை பேரு? கைடு நூறு சாம்பிள் கேப்பாங்க. சண்டை போட வேண்டாம், ஒரு பக்கக் கேள்வித்தாள்ல நூறு வீடு, அதுக்குள்ள இருந்து இருபது பேர்கிட்ட நீளமான பேச்சுன்னு சொன்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க.

8. முதல் அஞ்சு பேரு ட்ரையல்

அஞ்சு பேர்கிட்ட பேசிட்டு நிறுத்துங்க. கேள்வி வேலை செய்யுதான்னு பாருங்க.

'ஏன்'னு ஆரம்பிக்கிற கேள்விய எல்லாம் அடிச்சிருங்க. ஏன் பெங்களூர் போனீங்கன்னு கேட்டா 'பொழப்புக்குத்தான்'னு ஒரே வார்த்தைல முடிஞ்சிரும், கூடவே ஏதோ தப்பு பண்ணின மாதிரி முகம் மாறும். அமெரிக்க சமூகவியல்காரர் ஹோவர்ட் பெக்கர் சொன்ன யோசனை, 'ஏன்' வேண்டாம், 'எப்படி'ன்னு கேளுங்கன்னு. 'முதல் தடவை கிளம்பின அன்னைக்கு காலைல இருந்து சொல்லுங்கண்ணா, யாரு ஃபோன் பண்ணாங்க, பஸ்ஸுக்குக் காசு யாரு குடுத்தா'. இப்படிக் கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க, அட்வான்ஸ் தானா வெளில வரும்.

பொம்பளைங்ககிட்ட பேச சரியான நேரம் காலைல வேலை முடிஞ்சு, பதினொண்ணுக்கு மேல, பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்னாடி. 'அவரு வரட்டும், அவர்கிட்ட கேளுங்க'ன்னு சொன்னா, 'இல்லக்கா, வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க'ன்னு உட்காருங்க. சைட்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்தான் வேலை செய்வாங்க, ஜோடிக் கூலின்னு ஒரே கைல குடுக்குறதும் உண்டு. பொம்பளைங்கள கேக்கலன்னா பாதி கதை போச்சு.

சம்மதத்துக்கு கையெழுத்து வாங்க வேண்டாம்னுதான் சொல்வேன். கையெழுத்துன்னாலே பத்திரம், கடன், கோர்ட்டுதான் ஞாபகம் வரும். எதுக்குக் கேக்குறேன், பேரு வராது, பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம்னு வாயால சொல்லி, சரின்னு சொன்னத குறிச்சுக்கோங்க. ரெக்கார்ட் பண்றதுக்குத் தனியா கேளுங்க. ஊர்ப் பேரையும் மாத்திருங்க. நம்ம நாட்டு சமூகவியல்காரர் ஆந்த்ரே பெத்தெய் தஞ்சாவூர் கிராமத்தப் பத்தி 1965ல போட்ட புத்தகத்துல 'ஸ்ரீபுரம்'ங்கறது அவரா வெச்ச பேருதான்.

ஜாதிய முதல் கேள்வியா வைக்காதீங்க. எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு வரி, கூட வேலைக்குப் போறவங்க யாருன்னு பேசும்போதே தெரிஞ்சிரும். தெரியலன்னா கடைசில, பழகினப்புறம், மரியாதையா கேளுங்க.

9. வாரக் கணக்கு: மூணு நாள் ஊரு, ரெண்டு நாள் புத்தகம்

இந்த ஒரு பழக்கம்தான் தியரியையும் ஃபீல்டையும் கட்டிப் போடும். வாரத்துல மூணு நாள் ஊருக்குப் போங்க, அடுத்த ரெண்டு நாள் போகாதீங்க. அந்த ரெண்டு நாள்ல ஃபீல்டு நோட்ட திறந்து, என்னை குழப்பின விஷயம் எதுன்னு ஒண்ண மட்டும் எடுத்து, அதுக்காகப் படிங்க. ஒரு அத்தியாயம் போதும், சில சமயம் பத்துப் பக்கமே போதும்.

எனக்கு நாலாவது வாரத்துல ஒரு குழப்பம் வந்தது. மொய்க் கணக்குப்படி பார்த்தா மேஸ்திரி எல்லாருக்கும் நெருங்கின உறவா வர்றாரு. ஆளுங்க வீட்டு காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எல்லாத்துக்கும் வந்து பெரிய தொகையா எழுதுறாரு. என் அளவுகோல் தப்பாப் போச்சோன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. அப்பதான் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் பரிசு குடுக்கறதப் பத்தி எழுதினத திரும்ப எடுத்தேன், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதுதான், குடுக்கணும், வாங்கிக்கணும், திருப்பித் தரணும்னு மூணு கடமை. இப்பதான் உறைச்சது. திருப்பித் தர முடியாத அளவுக்கு ஒருத்தர் மொய் எழுதினா அது உறவா, அட்வான்ஸா? மேஸ்திரி எழுதுற மொய்யும் முன்பணம்தான், வேற பேருல.

அதுவரைக்கும் கிரானோவெட்டரா பிரெமனான்னு கேட்டுட்டு இருந்தேன். அதுக்கப்புறம் கேள்வி மாறிச்சு: நெருக்கமே கடனா மாறுறது எப்போ? ஃபீல்டு முழுசா முடிச்சிட்டு படிச்சிருந்தா, திரும்பப் போய் 'அந்த மொய்ய திருப்பி எழுதிட்டீங்களாண்ணா'ன்னு கேக்க எனக்கு வழி இருந்திருக்காது. ஊருக்குப் போக இன்னும் வாரம் இருந்ததாலதான் கேக்க முடிஞ்சது.

நோட்டு அன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க, பஸ்லயே ஆரம்பிங்க. காலைல எழுதலாம்னு விட்டா சொன்ன வார்த்தை போய் உங்க வார்த்தைதான் மிஞ்சும். அவங்க சொன்னத அவங்க பேச்சுலயே எழுதுங்க. வாரம் ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து வேற ஒரு இடத்துல போட்டு வைங்க. நம்ம நாட்டு சமூகவியல்காரர் எம்.என். ஸ்ரீநிவாஸ் மைசூர் பக்கத்து கிராமத்துல 1948ல ஃபீல்டு பண்ணி எடுத்த குறிப்புகள அலசி எழுதி வெச்சிருந்தது 1970ல அமெரிக்காவுல தீ வெச்சதுல எரிஞ்சு போச்சு, ஞாபகத்த வெச்சுத்தான் பெருசா புத்தகம் எழுதினாரு. அவருக்கு அந்த ஊர அவ்வளவு தெரியும். நமக்கு ஒரு செமஸ்டர்தான்.

10. டேபிள், கோடிங்

இத சுருக்கமாவே சொல்றேன், யூடியூப்லயே நல்லாச் சொல்லித் தர்றாங்க.

வயசு, படிப்பு, மதம்னு தனித்தனியா பதினைஞ்சு சதவீத டேபிள் போடாதீங்க. நாலாவது படில எழுதின எதிர்பார்ப்பு வாக்கியத்துக்கு எது தேவையோ அந்த டேபிள் மட்டும். எனக்குத் தேவைப்பட்டது மூணுதான்: வேலை மாறினாங்களா இல்லையா, வேலை சொன்னவரோட மொய் உறவு எப்படி, அட்வான்ஸ் பாக்கி இருக்கா. மூணையும் குறுக்க வெச்சா கதை அதுலயே இருக்கு.

நீளமான பேச்ச கோடிங் பண்ணும்போது, அதாவது துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வைக்கும்போது, பாதி கோட் தியரில இருந்து வரும், மீதி அவங்க வார்த்தைல இருந்தே வரணும். 'கணக்கு தீரல', 'முகத்துக்காக இருக்கேன்' மாதிரி வார்த்தைங்க எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. ஃபீல்டு டேட்டால இருந்தே தியரிய எழுப்புற கிரவுண்டெட் தியரி பண்றேன், அதனால எதுவும் படிக்க வேண்டாம்னு சிலர் சொல்வாங்க. 1967ல அந்த முறைய எழுதின கிளேசரும் ஸ்ட்ராஸும் தேர்ந்த சமூகவியல்காரங்க, நிறைய படிச்சிட்டுத்தான் தள்ளி வெச்சாங்க. படிக்காதவங்க தள்ளி வைக்க என்ன இருக்கு?

11. எழுதுற வரிசை

அத்தியாய நம்பர் வரிசைல எழுதாதீங்க. முதல்ல ஊர்ல கண்டத எழுதுங்க, அதாவது நாலாவது அத்தியாயம். அப்புறம் மூணாவது, என்ன செஞ்சீங்க, என்ன தப்பாப் போச்சு, எப்படி மாத்துனீங்கன்னு. ட்ரையல்ல அடிச்ச கேள்விங்களையும் எழுதுங்க, அது குறை இல்ல, படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும். தியரி அத்தியாயம் கடைசில. அப்பதான் உங்க ஊருக்குத் தேவைப்பட்ட மூணு பேரு மட்டும் அதுல நிப்பாங்க, மத்த பதினஞ்சு பேரு தானா வெளில போய்ருவாங்க. ஒரு பேர வைக்கலாமா வேண்டாமான்னு சந்தேகம் வந்தா, அந்தப் பேர அழிச்சிட்டு நாலாவது அத்தியாயத்த படிச்சுப் பாருங்க. ஒண்ணும் குறையலன்னா அவரு அங்க இருக்க வேண்டாம்.

ஏற்கனவே வந்த ஆய்வுகளப் பத்தி எழுதுற ரிவ்யூல யார் என்ன சொன்னாங்கன்னு ஆண்டு வரிசைல அடுக்காம, என் கேள்விக்கு ஆமான்னு சொல்றவங்க ஒரு பக்கம், இல்லன்னு சொல்றவங்க ஒரு பக்கம்னு பிரிங்க. பெத்தெய் புத்தகத்த இதுக்காகவே ஒரு தடவை பாருங்க. ஜாதி, வர்க்கம், அதிகாரம்னு வெபர்கிட்ட இருந்து வந்த பிரிப்ப வெச்சுக்கிட்டு, ஒரே ஊர்ல மூணும் எப்படி ஒண்ண விட்டு ஒண்ணு விலகுதுன்னு காட்டியிருப்பாரு. தியரி எங்க முடியுது, ஊரு எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது.

12. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முன்னாடி

ஊருக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க. நீங்க கண்டத, தியரி பேரு எதுவும் இல்லாம, மூணு நாலு பேர்கிட்ட அவங்க பேச்சுல சொல்லிப் பாருங்க. நான் மொய்யும் அட்வான்ஸும் ஒண்ணுதான்னு சொன்னப்ப ஒரு அக்கா சிரிச்சிட்டு, 'ஒண்ணு இல்லம்மா, அட்வான்ஸ்ன்னா வேலை செஞ்சு கழிச்சிரலாம், மொய்ய அவரு வீட்ல விசேஷம் வந்தாத்தானே கழிக்க முடியும், அவரு புள்ளைக்கு இப்பதான் நாலு வயசு'ன்னாங்க. அந்த வரிய அப்படியே நாலாவது அத்தியாயத்துல சேர்த்து, பைண்டிங்க ஒரு வாரம் தள்ளி வெச்சேன். வைவால எக்ஸ்டெர்னல், அதாவது வெளில இருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்த வரியப் பத்தித்தான்.